புத்தகத்துக்கு ஒரு மின்விசிறி

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலை ஒன்றில் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். ஓய்வு பெற்றுப் பொன்னேரியில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இளம் பொறியாளர் ஒருவர் சிவப்புப் பூட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இனிமேல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்கிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் பூட்டைத் தானே மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். விளக்கி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க காலத்துல என்ன பூட்டு சார் இருந்துச்சு?"

"பூட்டெல்லாம் இல்ல தம்பி. ஒரு சர்தார்ஜி இருந்தாரு" என்றேன்.

கூட்டம் சிரித்தது. வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். அங்கே விளக்கிச் சொல்ல நேரமில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் தசரதன். பெயர்தான் அப்படி. ஊரில் திருவிழா வந்தால் கிளம்பிச் சினிமாவுக்குப் போய்விடுகிற ஆள் நான். கூட்டங்களுக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவேன், விபூதி பூசியவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. நெல் விளைகிற வீட்டில் பிறந்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் வயரிங் படித்து, ராயபுரத்தில் ஒரு கடையில் மோட்டார் காயில் சுற்றிக் கை காய்த்துப்போய், அறுபதுகளின் கடைசியில் கவரைப்பேட்டைக்கு வடக்கே கல்கத்தா சாலையோரம் புதிதாக வந்த ஒரு இரும்பு உருட்டாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். முதலாளி பஞ்சாபி, சென்னையில் இருந்தார். ஆலையைப் பார்த்துக்கொண்டவர் மின்பிரிவு ஃபோர்மேன் குர்தீப் சிங். எல்லாருக்கும் அவர் சர்தார்ஜி.

பட்டாளத்தில் மின்வேலை செய்துவிட்டு வந்தவர். தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றுக்கொண்டதால், தலைப்பாகையும் தாடியுமாக நின்றுகொண்டு "இன்னாப்பா பேஜாரு பண்றே" என்பார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரிடம் சிரிப்பு கிடையாது. மின்சாரத்தை நிறுத்தியதும் பிரதான சுவிட்சின் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, ஒரு துணிப்பையில் போட்டு, இடுப்பில் கட்டிக்கொள்வார். வேலை முடிந்து கடைசி ஆள் கீழே இறங்கும்வரை அந்தப் பை அவர் உடம்பை விட்டு அகலாது. சாப்பிடும்போதும் இருக்கும், கக்கூஸ் போனாலும் இருக்கும். இதுதான் எங்கள் பூட்டு.

அதற்கப்புறம் இன்னொன்று. சோதனை விளக்கை வைத்துக் கம்பி செத்துவிட்டது என்று பார்த்த பிறகும், வேறு யாரும் தொடக்கூடாது. அவர்தான் முதலில் ஏறுவார். வலது கையின் பின்புறத்தால், விரல்களை மடக்கிக்கொண்டு, கம்பியை ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் கையை மூடிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் உதறிவிடும். "முதல் கை என் கை" என்பார். அதை அவர் ஒருநாளும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதில்தான் எனக்கு அவரோடு தகராறு. மின்பலகைக்கு முன்னால் போகிற எவனும் மோதிரம், காப்பு, கடிகாரம் எதுவும் போட்டிருக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். என் கல்யாண மோதிரத்தைக் கழற்றி ஜேபியில் போடவைத்தவர். அவர் வலது மணிக்கட்டிலோ கனத்த இரும்பு வளையம்.

"எங்களுக்கு மட்டும்தான் ரூலா சர்தார்ஜி? உங்க கைல இருக்கறது இன்னா, ரப்பரா?"

"உன் மோதிரம் கழட்ற சாமான், தஸ்ரத். இது கழட்ற சாமான் இல்ல. கழட்ட முடியாதுன்னா கட்டிக்கணும்."

கட்டியும் காட்டினார். வளையத்தை முழங்கைப் பக்கம் தள்ளி, சதை இறுகுகிற இடத்தில் நிறுத்தி, கைக்குட்டையைப் பல்லால் ஒரு முனை பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டினார். ஒவ்வொரு தடவையும், சின்ன வேலைக்குக்கூட, இதே சடங்கு. கீழே நின்று காத்திருக்கிற எனக்கு எரிச்சலாக வரும். "பூஜை ஆரம்பிச்சாச்சு" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வேன். சீக்கியர் உடம்பில் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை ஐந்து என்று அவர் சொல்லியிருந்தார்: வெட்டாத முடி, சீப்பு, இரும்பு வளையம், சின்னக் கத்தி, அரைக்கால் உள்ளாடை. நாலை என் கண்ணால் பார்த்துவிட்டேன், ஐந்தாவதை நம்பிக்கையில் ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் கேலி செய்வேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

ஆலை வளாகத்தில், சுவிட்ச் அறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஓட்டறை இருந்தது. முதலாளி அதைத் தங்கள் வேதப் புத்தகத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார். பார்த்துக்கொள்ள ஒரு கிழவர். இந்தச் சாலையில் பல வருஷம் லாரி ஓட்டி, தடாவுக்கு அருகே விபத்தில் கால் முறிந்து, இங்கேயே தங்கிவிட்டவர். எல்லாரும் அவரைப் பாபாஜி என்றார்கள். லாரிக்காரத் தமிழ் நாலு வார்த்தை தெரியும்.

ஒரு நாள் சர்தார்ஜி சொன்னார்: "பாபாஜி ரூமுக்கு ஒரு ஃபேன் போடு."

"அவரு வெளிய வேப்பமரத்தாண்டதான படுக்கறாரு?"

"அவருக்கு இல்ல. கிரந்த சாஹிபுக்கு."

"புஸ்தகத்துக்கு வேர்க்குமா, சர்தார்ஜி?"

அவர் கோபிக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் புத்தகமில்லையாம். பத்துக் குருமார்களுக்குப் பிறகு மனித குரு கிடையாது, அந்தப் புத்தகமே குரு, உயிரோடு இருக்கிற குரு என்றார். "லைட் போர்டுலருந்து லைன் இஸ்துக்கோ. ஃபேன் ஒண்ணு, பிளக் பாயிண்ட் ஒண்ணு" என்று முடித்துக்கொண்டார்.

செருப்பைக் கழற்றி, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. உள்ளே ஒரு சின்னக் கட்டில். வெள்ளை விரிப்பு, திண்டு, கால்மாட்டில் மடித்து வைத்த ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை. மனிதர் யாரும் படுக்காத கட்டில் அவ்வளவு சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் இருந்தது. ஏணியில் நின்று கொக்கி மாட்டும்போது, கீழே யாரோ தூங்குகிறார்கள், சத்தம் போடக்கூடாது என்கிற மாதிரி சுத்தியலை மெதுவாகத் தட்டினேன். வெளியே வந்ததும் என் மேலேயே எரிச்சலாக வந்தது.

சாயங்கால ஷிப்டு மாறும்போது பார்ப்போம். பகல் முழுக்க முற்றத்துக்கு எதிர்ப்பக்கக் கொட்டகையில் வாசிப்பு மேடைமேல் இருந்த புத்தகத்தைப் பட்டுத்துணிகளில் சுற்றி, பாபாஜி தலைமேல் வைத்துக்கொண்டு விந்தி விந்தி முற்றத்தைக் கடப்பார். முன்னால் ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். மழைக்காலத்தில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி முற்றமே தெரியாது. அந்த வெள்ளை மூட்டை மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே தனியாக நகர்ந்து போகும். பேசிக்கொண்டு நிற்கிற எங்கள் ஆட்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு அறைக்குள்ளிருந்து பாபாஜியின் குரல் கேட்கும். பாராயணம் இல்லை, ராகமும் இல்லை. யாரையோ சமாதானப்படுத்தித் தூங்கவைக்கிற பேச்சு. மார்கழியில் ரஜாயைப் போர்த்துவார், கோடையில் மதியத்திலும் படுக்கவைப்பார்.

விசேஷ நாளில் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டிய அல்வா கொடுப்பார். அதற்கு மட்டும் என் கொள்கை குறுக்கே நிற்கவில்லை.

அந்த வருஷக் கோடையில் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடந்தது. கூரைக்குக் கீழே, உத்தரத்தை ஒட்டி, கிரேனுக்கு மின்சாரம் தருகிற மூன்று வெற்றுக் கம்பிகள் ஓடும். அவற்றை மாற்ற வேண்டும். காலையில் சர்தார்ஜி கட்டைகளைப் பிடுங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். சோதனை விளக்கு வைத்தோம், கம்பிகளைச் சங்கிலியால் பூமியோடு இணைத்தோம், முதல் கை தட்டியது. மதியத்துக்குள் புதுக் கம்பி இழுத்து, சங்கிலியையும் எடுத்தாகிவிட்டது. சில போல்ட்டுகளை முறுக்குவதுதான் பாக்கி.

சாப்பிட்டு வந்ததும் சர்தார்ஜி ஏணியில் ஏறினார். அவருக்குப் பின்னால் ஏற ஏழுமலை தயாராக நின்றான். பழவேற்காட்டு மீனவக் குப்பத்து ஆள், உயரத்துக்குப் பயப்படாதவன். விளக்கை மறுபடி வைத்துப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. கட்டைகள் ஃபோர்மேன் இடுப்பில் இருக்கும்போது மின்சாரம் எங்கிருந்து வரும் என்பது எங்கள் கணக்கு. என்னைச் சுவிட்ச் அறையிலிருந்து போல்ட் எடுத்துவரச் சொன்னார்.

ஆலை ஓடாத பகலை நான் அதுவரை அவ்வளவு கவனித்ததில்லை. உருளைகள் நின்று, உலை அணைந்து, தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒப்பந்த வெல்டரின் டீசல் ஜெனரேட்டர் முனகிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அது காதில் ஏறவேயில்லை. முற்றத்தில் ஒரு காக்கை கூட இல்லை.

பாபாஜியின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். கட்டிலின் மேல் பட்டுத் துணி மெல்ல எழுந்து எழுந்து படிந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மேலே பார்த்தேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மில் முழுக்கச் செத்துக்கிடக்கிறது. கட்டைகள் சர்தார்ஜியின் இடுப்பில். விசிறி சுற்றுகிறது. அதன் வழக்கமான வேகத்தில் இல்லை. ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி, சோம்பலாக, சத்தமே இல்லாமல். அறையில் ஒருவரும் இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் நம்பிவிட்டேன். எதை என்று தெரியாது. என் கை தானாகத் தலைக்குப் போனது, கால் செருப்பிலிருந்து நழுவியது. கட்டிலில் இருப்பது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிடுமோ என்று பயந்து, வாசற்படியில் அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் நான் ஆத்திகனாக இருந்தது அவ்வளவு நேரம்தான். ஒரு மனிதர் சாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்ததும் அதே நேரத்தில்தான்.

பிறகுதான் உள்ளேயிருந்த எலக்ட்ரீஷியன் விழித்தான். விசிறி சுற்றினால் லைனில் மின்சாரம் இருக்கிறது. இந்த லைனை நான்தான் விளக்குப் பலகையிலிருந்து இழுத்தேன். விளக்குப் பலகையும் கிரேன் கம்பியும் ஒரே பிரதானப் பலகையில் சேருகின்றன. அப்படியானால்...

வெறுங்காலோடு ஓடினேன்.

"சர்தார்ஜி! கை வைக்காதீங்க! லைன்ல கரண்டு வந்துக்கினு இருக்குது!"

உத்தரத்தின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையின் ஒரு முனை பல்லில் இருந்தது. வளையத்தை மேலே தள்ளி முதல் சுற்றுச் சுற்றியாகிவிட்டது, இரண்டாவது பாக்கி. கம்பி அவர் தோளுக்கு எதிரே ஒரு முழம் தள்ளி ஓடியது. பேச முடியாமல் பல்லைக் கடித்தபடியே கீழே என்னைப் பார்த்தார்.

"கட்டை அவராண்டதான கீது? உனக்கு இன்னா வெயில் ஏறிப்போச்சா?" என்றான் ஏழுமலை.

நான் சோதனை விளக்கை நீளக் கழியில் கட்டிக் கம்பியில் வைத்தேன். விளக்கு எரிந்தது. முழு வெளிச்சம் இல்லை, சிவப்பாக, கண்ணைப் பாதி திறந்த மாதிரி. அந்த உயரத்தில் கம்பி அவர் கையை உதறியிருந்தால், கீழே இரும்பு உருளைகளின் மேல்தான் வந்து விழுந்திருப்பார். ஏழுமலை ஏணியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அறையின் பின் ஜன்னல் வழியாக இரண்டு ஒயர்கள் வந்து, நான் வைத்த பிளக் துளைகளில் செருகியிருந்தன. மறுமுனை வெல்டரின் ஜெனரேட்டரில். பாவம், ஆரம்பாக்கத்துத் தெலுங்குக்காரர். "முசலாயன, அந்தக் கிழவரு, அழாத குறையா கெஞ்சினாரு நைனா, ஒரு ஃபேன்தானேன்னு குடுத்தேன்" என்றார். பிளக்கில் வெளியிலிருந்து ஊட்டினால் மின்சாரம் விசிறியோடு நிற்காது, வந்த வழியே திரும்பி மில் முழுக்கப் பரவும் என்பது அவருக்கும் தெரியவில்லை, பாபாஜிக்கும் தெரியவில்லை. அத்தனை கம்பிக்கும் பங்கு போனதால்தான் விசிறி அப்படிச் சோம்பிச் சுற்றியிருக்கிறது.

பாபாஜி குழாயடியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். விசிறியைக் காட்டி எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். சர்தார்ஜி தாழ்ந்த குரலில் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். கிழவரின் சிரிப்பு முகத்திலேயே சிறிது நேரம் நின்று, அப்புறம் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜெனரேட்டரை நிறுத்தினோம். ஒயரைப் பிடுங்கினேன். விசிறி உடனே நிற்கவில்லை. நல்ல பேரிங், கொஞ்ச நேரம் சுற்றத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அது நிற்கும்வரை எல்லாரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாமிதான் காமிச்சுக் குட்த்துச்சு" என்றான் ஏழுமலை.

"சாமிக்குப் போட்ட ஃபேனாலதான்டா கரண்டே வந்துச்சு" என்றேன் நான். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சர்தார்ஜி அன்று வேலையை நிறுத்திவிட்டார். மாலையில் தேடிப் போனபோது அந்த அறையில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு, வெள்ளை மயிர்ச் சாமரத்தால் புத்தகத்துக்கு வீசிக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "இதுக்கு ஃபேன் போடப் போயித்தான் நீங்க செத்துப்போயிருப்பீங்க. இதுக்கே வீசிக்கினு இருக்கீங்களே!"

வீசுவதை நிறுத்தாமல் சொன்னார். "நாடு பிரிஞ்சப்போ பாபாஜி அந்தப் பக்கத்துலருந்து நடந்து வந்தாரு. ரொம்ப நாள் நடை. கடும் வெயிலு. இத அங்க வுட்டுட்டு வரக்கூடாதுன்னு தலைல வெச்சிக்கினு வந்தாரு. அவரு பையன் கையப் புட்சிக்கினு கூட வந்தான். சின்னப் பையன். நடக்க முடியல, தூக்குன்னான். தலைல இது இருக்குது. எப்புடித் தூக்குவாரு?"

சாமரம் இரண்டு தடவை போய் வந்தது.

"இது வந்து சேர்ந்துச்சு" என்றார்.

புத்தகத்துக்கு வேர்க்குமா என்று நான் கேட்டது அப்போது என் காதிலேயே ஒலித்தது. வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆலை வாசலில் பாபாஜி ஒரு துணியோடு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் செருப்பை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். தப்பு செய்தவர் மற்றவர் காலணியைத் துடைத்துத் தீர்த்துக்கொள்வது அவர்கள் வழக்கமாம், யாரும் சொல்லாமல் தானே போட்டுக்கொண்ட தண்டனையாம். ஏழுமலை அழுதுவிட்டான். அவர் கையில் என் செருப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வெறுங்காலில் போனேன்.

சர்தார்ஜி வழி மறித்தார். "எலக்ட்ரீஷியன் ரப்பர் செருப்பு இல்லாம உள்ள வரக்கூடாது. ரூல்."

"அந்தப் பெரியவர் கையால..."

"அவரு வேலைய அவரு செய்யட்டும். உன் வேலைய நீ செய்."

திரும்பிப் போய்ச் செருப்பை அவரிடம் நீட்டினேன். துடைத்து, ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அடுத்த கோடைக்குள் சட்டங்கள் மாறின. ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் விளக்கு வைக்க வேண்டும், இரண்டு முனையிலும் கட்டை பிடுங்க வேண்டும். பராமரிப்பு நாளில் அந்த அறையின் ஃபியூஸைப் பிடுங்கும் வேலை எனக்கு வந்தது. பிடுங்கி ஜேபியில் போட்டுக்கொண்டேன். பாபாஜி பார்த்துக்கொண்டே இருந்தார். சாமரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். கிழவர் இன்னும் வீசிக்கொண்டிருந்தார். ஒரு கை ஓய்ந்ததும் சாமரத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். ஓட்டுக்கூரை அனலாகக் கொதித்தது. நான் செருப்பைக் கழற்றி, கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு, உள்ளே போய்ச் சாமரத்தை வாங்கிக்கொண்டேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திண்டுப் பக்கம், புத்தகம் இருந்த இடத்தில், மெதுவாக வீசினேன். பட்டுத் துணி எழுந்து எழுந்து படிந்தது.

பாபாஜி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"கால் பக்கம்" என்றார், கண்ணைத் திறக்காமல். "கால் பக்கமும்."

புத்தகம் கட்டிலின் தலைமாட்டோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் விரிப்புதான், ஒரு சின்னப் பையன் படுக்கிற அளவுக்கு. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அங்கேயும் வீசினேன்.